செல்லக்கிளி சொல்லாமல் விட்ட பிள்ளை

கல்லுப்பொட்டலுக்கு வாக்கப்பட்டு வந்த புதுசிலேயே செல்லக்கிளிக்கு ஊரில் ஒரு பேர் உண்டாகிவிட்டது. அவள் எதையும் மறக்க மாட்டாள். யார் வீட்டு ஆடு எந்தக் கிழமை குட்டி போட்டது, யாருக்கு எந்த மாசம் தலைப்பிள்ளை பிறந்தது, ரேஷனில் பாமாயில் போடாமல் விட்டது எத்தனை மாசம், எதைக் கேட்டாலும் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் திருச்சுழிக்குப் பஸ் ஏறிப் போய்ப் படிக்க வீட்டில் வசதியில்லை.

பந்தல்குடியைத் தாண்டி, தூத்துக்குடி ரோட்டிலிருந்து கிழக்கே ரெண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது கல்லுப்பொட்டல். முப்பத்தெட்டு வீடு. மழை பெய்தால் மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம்தான். தை, மாசியில் காட்டு வேலை ஓய்ந்ததும் சில குடும்பங்கள் வெளியூர்க் காட்டில் கருவேலத்தைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்குக் கிளம்பிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, விட முடியாத சின்னஞ்சிறுசுகளை மட்டும் தூக்கிக்கொண்டு போவார்கள். செல்லக்கிளியின் புருசன் முனீஸ்வரன் மூட்டம் போடுவதில் கெட்டிக்காரன். அதிர்ந்து பேசாதவன்.

அவர்களுக்கு முதல் பிள்ளை ஏழாம் மாசத்திலேயே தங்காமல் போயிற்று. ரெண்டாவது ஆண். கொழுகொழுவென்று பிறந்தான். பதினெட்டாம் நாள் நர்ஸம்மா வந்து துணித் தொட்டில் போலிருந்த தராசில் அவனைத் தொங்கவிட்டு, "மூணு கிலோ நூறு. நல்லாருக்கான் ஒம் மகன்" என்று சொல்லி நோட்டில் எழுதினாள். எழுதி நாலாம் நாள் சாயங்காலம் பிள்ளைக்கு ஜன்னி கண்டது. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அருப்புக்கோட்டை பஸ் வருவதற்குள் அவன் அடங்கிப்போனான்.

எழுதினதால்தான் போனான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே அப்படி முடிவு கட்டிக்கொண்டாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். அதனால் புருசனிடம்கூடச் சொல்லவில்லை.

மூணாவது பெண். ரெண்டாயிரத்துப் பத்து ஆவணியில் பிறந்தது. ஆஸ்பத்திரியில் பதிந்ததை அவளால் தடுக்க முடியவில்லை. அதற்குமேல் ஒரு நோட்டிலும் அந்தப் பிள்ளை ஏறக் கூடாது என்று மனசுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டாள். நர்ஸம்மா வந்தால் ஊசி போட விடுவாள், தராசில் வைக்க விடமாட்டாள். பேர்கூட வைக்காமல் 'பாப்பா' என்றே கூப்பிட்டு வந்தாள்.

அடுத்த மாசியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க பால்சாமி வாத்தியார் வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். நல்ல மனுசன். பகல் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் சைக்கிளில் வந்து வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முனீஸ்வரன் வீட்டில் இல்லை.

"ஏம்மா, வீட்டுல எத்தன பேரு இருக்கீக?"

"ரெண்டு பேருதான் சார்."

"பிள்ளைக?"

செல்லக்கிளி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சேலைத் தொட்டிலில் பாப்பா சிணுங்கியது.

"பிள்ளை சத்தம் கேக்குதே?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை சார். அவுக காட்டுக்குப் போயிருக்காக, பாத்துக்கிடச் சொன்னாக."

வாத்தியார் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்தார். அது பூட்டிக் கிடந்தது. "சரிம்மா" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அவர் தெருமுனை திரும்பினதும் செல்லக்கிளி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். ஏதோ பெரிய கண்டத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது.

பாப்பா பிழைத்துக்கொண்டது. ரெண்டு வயசு திரும்பியதும்தான் செல்லக்கிளிக்குத் தைரியம் வந்து, சத்யபிரியா என்று பேர் வைத்தாள்.

ஊரில் அப்போது கைப்பிள்ளைகள் நிறைய. பால்வாடி இருந்தது நாலு வழிச்சாலைக்கு அந்தப் பக்கம், பெரிய ஊரில். மூணு வயசுப் பிள்ளை ரெண்டு கிலோமீட்டர் நடந்து, லோடு லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டிப் போக முடியுமா? வேலைக்குப் போகிற தாய்மார் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரத்தான் முடியுமா? ஊரிலேயே ஒரு சின்னப் பால்வாடி கேட்கலாம் என்று கருத்தம்மாள்தான் முதலில் சொன்னாள். நாலு வீடு தள்ளியிருப்பவள். எந்த ஆபீஸிலும் கூச்சப்படாமல் பேசுவாள். பதினாலு பெண்கள் கைநாட்டும் கையெழுத்தும் போட்ட மனுவை எடுத்துக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு அவளும் செல்லக்கிளியும் இன்னும் மூணு பேரும் போனார்கள்.

பதில் வர எட்டு மாசம் ஆயிற்று. பதிலைப் படித்தும் ஒன்றும் புரியாமல், பால்வாடிகளைக் கவனிக்கிற ஆபீஸுக்கு நேரிலேயே போய்க் கேட்டார்கள். அங்கிருந்த அம்மா பொறுமையானவர். உட்காரச் சொல்லி, பைலைத் திறந்து காட்டினார்.

"புது மையம் போட ஊர்ல இத்தன பேர் இருக்கணும்னு கணக்கு இருக்கும்மா. சின்ன மையத்துக்கே நூத்தம்பது வேணும். உங்க ஊர்ல நூத்தி நாப்பத்தி ஒண்ணுதான். ஆறு வயசுக்குக் கீழ ஒம்பது பிள்ளைங்க."

"ஒம்பதா?" கருத்தம்மாள் சிரித்துவிட்டாள். "எந்த ஊரு கணக்கம்மா இது? ஏடி கிளி, ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே, சொல்லுடி."

செல்லக்கிளி சொன்னாள். வீட்டு வரிசையாக, பிள்ளை பிறந்த மாசத்தோடு சொல்லிக்கொண்டே வந்தாள். கணக்கெடுத்த அந்த மாசியில் ஊரில் ஆறு வயசுக்குள் இருந்த பிள்ளைகள் இருபத்தாறு. நாலு வீடு மூட்டத்துக்குப் போய்ப் பூட்டிக் கிடந்ததில் ஏழு. பிரசவத்துக்குத் தாய்வீடு போன ரெண்டு பேரின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது, இங்கே மாமியார் "அவ அங்க இருக்கா" என்றிருந்தாள், அங்கே தாய் "அது அவுக வீட்டுப் பிள்ளை" என்றிருந்தாள். மற்ற வீடுகளில் 'எத்தன பேரு' என்றதும் பெரியவர்களைச் சொன்னார்கள், பள்ளிக்கூடம் போகிறவர்களைச் சொன்னார்கள், மடியில் கிடந்ததைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கும். ஆனா நான் இதத்தானம்மா பாக்கணும். அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் இதுதான் உங்க ஊர்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்கும்போது கருத்தம்மாள் பால்சாமி வாத்தியாரை ஏசினாள்.  ஆபீஸுக்குள் செல்லக்கிளி விடுபட்ட பதினேழு பிள்ளைகளைச் சொன்னாள், காரணத்தோடு சொன்னாள். பதினேழில் ஒன்று தன் பிள்ளை என்பதை மட்டும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சத்யபிரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டே வந்தது.

ஊருக்கு வந்து தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். கருத்தம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கூட்டி மெழுகி, எட்டுப் பத்துப் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு படி அரிசி கொடுத்தார்கள். கஞ்சி காய்ச்சி ஊற்றினாள், மூக்குத் துடைத்துவிட்டாள், சண்டை விலக்கினாள். ரெண்டு மாசம் நடந்தது. அப்புறம் மழை பெய்து களையெடுப்பு வந்துவிட்டது. அவளும் கூலிக்குப் போகாமல் அடுப்பெரியாது. கொட்டகையில் மறுபடி மாட்டைக் கட்டினார்கள்.

அடுத்த வருஷம் பங்குனியில் அவர்களும் கமுதிக்கு அந்தப் பக்கம் மூட்டத்துக்குப் போனார்கள். சத்யபிரியாவுக்கு மூணரை வயசு. கருவேல விறகை வெட்டிக் கோபுரமாக அடுக்கி, தழை பரப்பி, மேலே மண்ணைப் போட்டு மூடித் தீ வைத்தால் அது நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியும். வெளியே பார்த்தால் சும்மா ஒரு மண்குவியல் போல இருக்கும். எங்காவது மண் உள்வாங்கினால் உடனே அள்ளிப் போட்டு அடைக்க வேண்டும். முனீஸ்வரன் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டிருந்தான். செல்லக்கிளி குடத்தோடு ஊருணிக்குப் போயிருந்தாள். பிள்ளையைக் கூடாரத்தில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மூணரை வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும்? எழுந்து அப்பாவிடம் போகக் குறுக்கே மூட்டத்தின் மேல் ஏறியது. ரெண்டாவது அடியில் இடது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள். நாற்பத்தாறு நாள். ரெண்டு விரலை எடுத்தார்கள். மிச்சம் ஆறியபோது பாதம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கட்டு அவிழ்க்கிற நாளில் பிள்ளை போடுகிற சத்தத்தைக் கேட்க முடியாமல் முனீஸ்வரன் வராந்தாவுக்கு வந்துவிடுவான்.

அந்த வராந்தாவில் வைத்துத்தான் செல்லக்கிளி அவனிடம் சொன்னாள்.

"ஏங்க, அன்னைக்கு வாத்தியார் வந்து கேட்டப்ப நான் பாப்பாவைச் சொல்லல."

"எந்த வாத்தியாரு?"

"கணக்கெடுக்க வந்தவரு. பிள்ளை இல்லன்னு சொல்லிட்டேன். நோட்டுல எழுதுனா இதுவும் போயிருமோன்னு... நூத்தம்பதுக்கு ஒம்பது பேருல்ல குறைஞ்சது? நான் சொல்லியிருந்தா, என்னைப் பாத்து இன்னும் நாலு பேரு சொல்லியிருப்பாக. ஊர்ல பால்வாடி வந்திருக்கும். இவ அங்க ஒக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்திருப்பா."

 "நான் வீட்ல இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் கிளி" என்றான் முனீஸ்வரன். "கைப்பிள்ளையப் போயி ஆளு கணக்குல சொல்லணும்னு எனக்கு எங்க தெரியும்?" உள்ளே பிள்ளை மறுபடி கத்த ஆரம்பித்தது. ரெண்டு பேரும் எழுந்து போனார்கள்.

ரெண்டாயிரத்து இருபத்தொன்றில் கணக்கெடுப்பு வரும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். செல்லக்கிளி அதை மனசில் முடிந்து வைத்துக் காத்திருந்தாள். அதற்கு முந்தின வருஷமே கொரோனா வந்துவிட்டது. பஸ் இல்லை, வேலை இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. அப்புறம் பஸ் ஓடியது. கணக்கெடுப்பு அடுத்த வருஷம் என்றார்கள், அதற்கும் அடுத்த வருஷம் என்றார்கள். ஊரில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, இடுப்பில் தம்பி தங்கையைச் சுமந்தபடியே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தன. சின்னதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத வீட்டில் ஏழு வயசுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுபோயிற்று. மனு மட்டும் வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே நூற்றி நாற்பத்தொன்று, அதே ஒன்பது பிள்ளைகள். அந்த ஒன்பதில் ஒருத்திக்குக் கல்யாணமே நிச்சயமாகியிருந்தது.

பால்சாமி வாத்தியார் வந்து பதினாறு வருஷம் கழித்து ஒரு மாசியில், கணக்கெடுக்க முருகலட்சுமி டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற சின்ன வயசு டீச்சர். இந்தத் தடவை நோட்டு இல்லை, எல்லாம் போனிலேயே. செல்லக்கிளி வீட்டில் மூணு பேர் ஏறினார்கள். சத்யபிரியா, வயது பதினாறு, பிளஸ் ஒன். பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடக்கிற மகளை டீச்சர் ஒரு தடவை பார்த்துவிட்டு, போனில் அடுத்த கேள்விக்குப் போனாள்.

டீச்சர் வருவதற்குப் பத்து நாள் முன்பே செல்லக்கிளி தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருந்தாள். "நேத்துப் பிறந்த பிள்ளையா இருந்தாலும் சொல்லுங்க. பேரு வைக்கலன்னாலும் சொல்லுங்க." சிலர் சிரித்தார்கள், ஆனாலும் சொன்னார்கள். இருந்த வீடுகளில் ஒரு பிள்ளை விடுபடவில்லை. ஆனால் ஆறு வீடு பூட்டிக் கிடந்தது. அந்த ஆறு வீட்டுப் பெரியவர்களோடு பதினோரு சின்னப் பிள்ளைகளும் முதுகுளத்தூர்ப் பக்கம் மூட்டத்தில் இருந்தார்கள்.

"டீச்சர், அவுக பேரு, வயசு எல்லாம் நான் சொல்றேன். எழுதிக்கோங்க."

"கணக்கெடுக்கிற இந்த நாளு பூராவும் ஊர்ல இல்லாதவங்கள இங்க சேர்க்கக் கூடாதுக்கா. எங்க தங்கியிருக்காங்களோ அங்க வந்து எடுப்பாங்க."

"அங்க வீடே கெடையாது டீச்சர். பாலித்தீன் கட்டிப் படுத்திருக்காக."

"வீடு இல்லாதவங்களையும் எடுப்பாங்கக்கா. நான் இங்க போட்டா ரெண்டு எடத்துல வந்துரும், தப்பாயிரும்." டீச்சருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

செல்லக்கிளி ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள். மூட்டத்துக்குப் போன ஆறு வீட்டுக்கும் அவன்தான் தலைவன் மாதிரி. ஒருநாள் எல்லாரும் வந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினாள். "நாலு மூட்டம் தீயில நிக்கிதுக்கா. விட்டுட்டு எப்படி வர?" என்றான் அவன். மூட்டத்தை விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவளே கிளம்பினாள். திருச்சுழி போய், கமுதி போய், இன்னொரு பஸ் பிடித்து, இறங்கின இடத்திலிருந்து கருவேலங்காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தாள். பிள்ளைகள் புகைக்குள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்றைக்கூட மூட்டத்துப் பக்கம் போகவிடாமல் அதட்டிக்கொண்டே, ஜெயபாண்டி பெண்சாதி சோலையம்மாளையும் மற்றப் பெண்களையும் உட்காரவைத்துப் பேசினாள். யாரும் கணக்கெடுக்க வரவில்லை என்றார்கள்.

காட்டுக்குப் பக்கத்து ஊருக்குள் போய்க் கணக்கெடுக்கிறவரைத் தேடிக் கண்டுபிடித்தாள். அந்தக் காடு தன் எல்லையில் வராது என்றார் அவர். அடுத்தவரைத் தேடிப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அங்க ஆளு இருக்கதே எனக்குத் தெரியாதும்மா. லிஸ்டுல இல்ல. சரி, வழியச் சொல்லுங்க, முடியறதுக்குள்ள போயிட்டு வந்திர்றேன்" என்று அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு தன் நம்பரையும் கொடுத்தார். அவள் ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். திரும்பப் போய்ச் சோலையம்மாளிடம், "ஒருத்தர் வருவாரு. பிள்ளைகளை ஒண்ணு விடாமச் சொல்லிரு தாயி" என்று மூணு தடவை சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

கணக்கெடுப்பின் கடைசி நாளுக்கு முந்தின நாள் சோலையம்மாளுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஜெயபாண்டி.

"வந்தாகளாய்யா?"

"நேத்து வந்தாருக்கா. வண்டியைக் காட்டுக்கு வெளிய விட்டுட்டு நடந்தே வந்தாரு பாவம்."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது மாதிரி இருந்தது. "சோலையம்மா எல்லாத்தையும் சொன்னாளா?"

"அவ விறகு அள்ளப் போயிருந்தா. நாந்தான் இருந்தேன். எத்தன பேரு இருக்கீகன்னு கேட்டாரு. பன்னெண்டு பேருன்னு சொல்லிட்டேன்."

"பன்னெண்டா? பெரியாளுகளே பன்னெண்டு பேரு இருக்கீகளே."

"ஆமாக்கா. வேலையாளத்தான கேக்காருன்னு நெனச்சேன்."

"பிள்ளைக, ஜெயபாண்டி? பதினோரு பிள்ளைக?"

"பிள்ளைகளையுமாக்கா சொல்லணும்?" என்றான் அவன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

செல்லக்கிளிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு, மூட்டத்துக்கு வந்துபோன கணக்கெடுப்புக்காரரைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. முருகலட்சுமி டீச்சரைக் கூப்பிட்டாள். "என் பகுதி முடிச்சு அனுப்பிட்டேன்க்கா. இனி என்னால தெறக்கவே முடியாது" என்றாள் டீச்சர். அவள் குரல் அழுகிற மாதிரி இருந்ததால், "சரி விடுங்க டீச்சர்" என்று செல்லக்கிளிதான் தேற்ற வேண்டியிருந்தது.

சித்திரையில் மூட்டத்துக்குப் போனவர்கள் லோடு வண்டியில் திரும்பி வந்தார்கள். சட்டிபானைகளுக்கு நடுவிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார்கள். கல்லுப்பொட்டல் தெருவில் மறுபடி சத்தம் வந்தது. செல்லக்கிளி சொல்லச் சொல்ல, சத்யபிரியா அந்தப் பதினோரு பேரின் பேரையும் பிறந்த தேதியையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். அதை மனுவோடு குத்தி ஆபீஸில் கொடுத்தார்கள். இப்போது அங்கே வேறொருவர் இருந்தார். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

"புதுக் கணக்கு வெளிய வரட்டும்மா. அதுல உங்க ஊருக்கு எவ்வளவு வருதுன்னு பாத்துட்டுச் சொல்றோம்."

"எப்ப வருங்கய்யா?"

"ஊர் வாரியா வர ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும்."

பஸ்ஸ்டாண்டில் கருத்தம்மாள் கேட்டாள். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, எல்லாவற்றுக்கும் செல்லக்கிளியைத்தான் கேட்பாள். "ஏடி, இந்தத் தடவை நூத்தம்பது வந்திருமா?"

"தெரியலக்கா. வந்தாலும் வரும்."

"வந்துட்டா, இந்தப் பதினோரு பேரும் போகலாமுல்ல?"

செல்லக்கிளி மனசுக்குள் வீட்டு வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். ரெண்டு வருஷம் போனால் அதில் ஏழு பேர் பால்வாடி வயசைத் தாண்டிவிடுவார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தபோது பந்தல்குடி பஸ் வந்து நின்றது. கருத்தம்மாளின் கையைப் பிடித்து முதலில் ஏற்றிவிட்டு, பின்னால் அவள் ஏறினாள்.